ஆசியத் துறைமுகங்களை ஆராய்ந்த ரோட்ஸ் மர்ஃபி: அவர் வாழ்வும் நம் ராமநாதபுரக் கரையும்

கேள்வி: தேவிபட்டினம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தேவிபட்டினத்துக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து வருகிறேன். இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம், நம் மாவட்டக் கடற்கரையில் ஒரு காலத்தில் கப்பல் வந்து போன ஊர்களை வரைபடத்தில் குறித்து வருமாறு சொன்னேன். தொண்டி, தேவிபட்டினம், அழகன்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று வடக்கிலிருந்து வரிசையாகக் குறித்து வந்தார்கள். இத்தனை பழைய துறைகள் இருந்த கரையில் இன்று பெரிய துறைமுகம் ஒன்றும் இல்லையே, ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, "கடல் ஆழம் குறைவு, மணல் மேடிட்டுவிட்டது" என்று நான் படித்து வந்த விடையையே சொன்னேன்.

உடனே ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை வடகடலில் நாட்டுப்படகு ஓட்டுகிறவர். "டீச்சர், கல்கத்தாவும் ஷாங்காயும் ஆற்றுச் சேற்றின் மேல் எழுந்த ஊர்கள் என்று போன மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள். அங்கே மட்டும் சேறும் மணலும் தடையாக இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் மதுரையில் நடந்த பயிற்சி வகுப்பில் பேசிய பேராசிரியர் ஒருவர், துறைமுக நகரங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் ரோட்ஸ் மர்ஃபி என்னும் அமெரிக்கப் புவியியலாளரைப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டார். பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன். தமிழில் தேடிய அளவில் அவரைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் படவில்லை. அவர் யார், ஓர் அமெரிக்கர் எப்படி ஆசியாவின் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தார், அவர் சொன்னவை நம் கரைக்குப் பொருந்துமா என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால், என் மாணவிக்குச் சொல்ல வேண்டிய விடையை நேர்மையாகச் சொல்ல முடியும்.

மறுமொழி: வைகைமுகம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டதும் மர்ஃபி தம் முதல் நூலில் கேட்டதும் ஏறத்தாழ ஒரே கேள்விதான். பரமக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவன் நான். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மாணவப் பருவத்தில் நூலகத்தில் கிடைத்த மர்ஃபியின் ஷாங்காய் நூல்தான் என்னை இந்தத் துறையிலேயே தங்க வைத்தது என்பதால், சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்ஸ் மர்ஃபி 1919-இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரில் ஆயுதம் ஏந்தத் தம் மனச்சான்று இடங்கொடுக்காது என்று அறிவித்த இளைஞர்களுள் அவரும் ஒருவர். அப்படி அறிவித்த பலர் வேறு வகைத் தொண்டுகளுக்குப் போனார்கள். மர்ஃபி, போரை ஏற்காத கிறித்தவப் பிரிவான குவேக்கர் மரபில் தோன்றிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆம்புலன்ஸ் யூனிட்' என்னும் தொண்டர் படையில் சேர்ந்து, 1942 முதல் 1946 வரை சீனாவில் இருந்தார்.

அந்தப் படை அங்கே என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் மர்ஃபியின் பிற்கால எழுத்தை விளக்க முடியாது. 1942-இல் பர்மாவிலிருந்து சீனாவுக்குச் சரக்கு போய்வந்த பர்மாச் சாலையை ஜப்பானியப் படைகள் அடைத்துவிட்டபின், சீனாவின் உள்நாட்டுக்கு மருந்து போக வேண்டுமானால் இந்தியாவிலிருந்து விமானத்தில் இமயத் தொடரைத் தாண்டி யுன்னான் மாநிலத்துக் குன்மிங்குக்குப் போய், அங்கிருந்து மலைச்சாலைகளில் லாரியில்தான் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் அரிதாக இருந்தமையால் லாரிகளைக் கரி வாயுவில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். நம் ஊர்களிலும் அதே போர்க்காலத்தில் கரி பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் விடியற்காலையிலேயே கரியை மூட்டி, விசிறி, வாயு திரளும்வரை காத்திருந்துதான் வண்டியைக் கிளப்ப முடியும். ஏற்றம் வந்தால் திணறும், நடுவழியில் நின்றால் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பெட்டி மருந்தை ஒரு மலைக்கு அப்பால் கொண்டு சேர்க்க எத்தனை மனித உழைப்பும் எத்தனை நாளும் ஆகின்றன என்பதை அந்தப் படையில் இருந்தவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். மர்ஃபியைப் புவியியலாளராக்கியவை அந்த நான்கு ஆண்டுகள்தாம் என்பது என் உறுதியான கணிப்பு. பின்னாளில் அவர் எந்த நகரத்தைப் பற்றி எழுதினாலும், சரக்கு எந்த வழியாக, என்ன செலவில் வந்தது என்பதையே முதலில் கேட்டார்.

போர் முடிந்து ஹார்வர்டுக்குத் திரும்பியவர், வரலாற்றையும் புவியியலையும் சேர்த்துப் படித்து 1950-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1948-இல், அதே பல்கலைக்கழகம் புவியியல் கற்பிப்பதைக் கைவிட முடிவெடுத்திருந்தது. புவியியல் ஒரு பல்கலைக்கழகப் பாடமே ஆகாது என்று பேசப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு அவர் அந்தப் பாடத்தின் வழியாகச் சிந்தித்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது. 1952 முதல் 1964 வரை வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் ஓய்வு பெறும்வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ஆசியவியல் ஆய்விதழின் ஆசிரியராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1987-88-இல் அமெரிக்காவின் ஆசியவியல் சங்கத்துக்குத் தலைவரானார். 2012-இல், தம் 93-ஆம் வயதில் காலமானார்.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 1953-இல் வெளிவந்த ஷாங்காய் நூலில் மர்ஃபி இரண்டு செய்திகளைப் பிரித்துக் காட்டினார். நகரம் நிற்கும் தரை எப்படிப்பட்டது என்பது ஒன்று. அந்தத் தரையைச் சுற்றிலும் பின்னாலும் என்ன இருக்கிறது, எந்த வழிகள் அங்கே வந்து கூடுகின்றன என்பது மற்றொன்று. முதலாவதை அமைவிடம் என்றும், இரண்டாவதைச் சூழமைவு என்றும் சொல்லலாம். ஷாங்காயின் அமைவிடம் மோசமானது. கழிமுக வண்டல் மண். பெரிய கட்டடம் கட்டினால் அமிழும். ஹுவாங்பு ஆறு யாங்சியோடு கலக்கும் இடத்தில் மணல்திட்டு குறுக்கே கிடந்தது, அதை ஓயாமல் தூர்வார வேண்டியிருந்தது. ஆனால் சூழமைவைப் பாருங்கள். யாங்சியின் வடிநிலம் ஏறத்தாழ 18 லட்சம் சதுர கி.மீ. பரந்தது. நீர்ப்பெருக்குக் காலத்தில் கடல் கப்பலே சுமார் 1,000 கி.மீ. உள்ளே, ஹாங்கோ வரை போய்விடும். கழிமுகத்தில் ஊருக்கு ஊர் கால்வாய் இருந்ததால், அரிசியும் காய்கறியும் படகிலேயே நகரத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தன. அத்தனை லட்சம் மக்கள் தினமும் என்ன சாப்பிட்டார்கள், அது எங்கிருந்து வந்தது என்று அவர் ஆராய்ந்த பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நம் வைகையின் வடிநிலம் சுமார் 7,000 சதுர கி.மீ. ஆற்றின் நீளம் 258 கி.மீ. பெரும்பாலான ஆண்டுகளில் அது கடலைத் தொடுவதுகூட இல்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. ஓடம் ஏறிச் சரக்கு கொண்டுவரத் தக்க ஆறாக அது என்றும் இருந்ததில்லை. ஆகவே அழகன்குளத்தில் ரோமானிய நாணயமும் அயல்நாட்டுப் பானை ஓடுகளும் கிடைத்திருந்தாலும், அந்தத் துறை மதுரைக்கு ஒரு வாசலாக இருந்திருக்க முடியுமே தவிர, ஒரு கண்டத்துக்கு வாசலாக வளர்ந்திருக்க முடியாது.

ஆழம் குறைவு என்ற நம் வழக்கமான விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது போதாது என்பதற்குத் தூத்துக்குடியே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கும் கரையோரம் ஆழமில்லை. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்க, தோணிகள்தாம் பஞ்சுப் பொதிகளைச் சுமந்து போய் ஏற்றின. அப்படியிருந்தும் தூத்துக்குடி வளர்ந்தது. பின்னால் கரிசல் பூமியின் பருத்தி இருந்தது, 1876-இல் ரயில் வந்து சேர்ந்தது. ஆழ்கடல் துறைமுகம் அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1974-இல்தான் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பின்னிலம், அதாவது துறைக்குப் பின்னால் அதற்குச் சரக்கு தரும் நிலப்பரப்பு, வலுவாக இருந்தால் மனிதன் சேற்றையும் மணலையும் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறான் என்று உங்கள் மாணவியிடம் சொல்லலாம். கல்கத்தாவைப் பற்றியும் மர்ஃபி 1964-இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சதுப்பில், காய்ச்சலுக்கு நடுவே 1690-இல் கால் ஊன்றிய ஊர் எப்படி நிலைத்தது என்பதே அதன் பொருள். கங்கைச் சமவெளி முழுவதும் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஷாங்காய் நூல் வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 1949-இல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள் ஷாங்காயை அந்நியர் வளர்த்த ஒட்டுண்ணி நகரமாகப் பார்த்தார்கள். தொழில்களையும் மக்களையும் உள்நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு பலமாக இருந்தது. ஆட்சி மாறினாலும் ஆறு மாறவில்லை, ஆகவே அந்த நகரம் சுருங்காது என்று மர்ஃபி எழுதினார். இன்றைய ஷாங்காயை அறிந்த நமக்கு அது எளிய கூற்றாகத் தோன்றலாம். 1953-இல் அப்படி எழுதத் துணிவு வேண்டும்.

மறுமொழி: கீழக்கரை வாசகர்

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன், மிக்க நன்றி. ஆனால் எங்கள் ஊரிலிருந்து பார்க்கும்போது ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துறைமுகத்தின் உயிர் பின்னிலத்தில் இருக்கிறது என்ற அளவுகோலை வைத்தால் கீழக்கரை துறைமுகமாகவே இருந்திருக்கக் கூடாது. எங்களுக்குப் பின்னால் இருப்பது பனையும் உடைமரமும் வானம் பார்த்த வயலும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். அப்படியிருந்தும் மரக்காயர்கள் பல தலைமுறை கப்பல் ஓட்டினார்கள், வள்ளல் சீதக்காதி போன்றவர்கள் எழுந்தார்கள். எப்படி? எங்கள் பின்னிலம் கடலுக்கு அப்பால் இருந்தது என்பதே என் விடை.

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடந்தது, சங்கு குளிப்போ ஆண்டுதோறும் உண்டு. எடுத்த சங்கில் பெரும்பகுதியை இங்கே யாரும் பயன்படுத்தவில்லை. அது வங்காளத்துக்குப் போனது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் அதை அரிவாள் போன்ற பெரிய ரம்பத்தால் வளையமாக அறுத்து, மணமான பெண்கள் அணியும் வளையலாக்கினார்கள். ஆக, எங்கள் ஊர்ச் சங்குக்குச் சந்தை வங்காளத்துக் கிராமங்கள். எங்கள் அரிசிக்குக் களஞ்சியம் வேறு கரைகள். கொழும்பும் மலாக்காவும் எங்களுக்குப் பக்கத்து வீடு.

என் பாட்டனார் காலத்துக் கணக்குப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அட்டை போய்விட்டது, ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது, எழுத்து அரபுத் தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். தோணித் தலைவரான தண்டலுக்குக் கொடுத்த முன்பணம், கருப்பட்டிச் சிப்பம் இத்தனை, கருவாட்டுக் கட்டு இத்தனை, கொழும்பில் இறக்கிய நாள், திரும்பும்போது ஏற்றியவை என்று பத்தி பத்தியாக இருக்கின்றன. கச்சான் காற்று வலுத்ததால் இறங்க முடியாமல் நின்ற நாள்களுக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களில் உள்ள ஊர்ப் பெயர்களை எண்ணினால் ராமநாதபுரத்துக்கு மேற்கே உள்ள பெயர் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. எல்லாம் கடலோர ஊர்கள், கடல் கடந்த ஊர்கள்.

பெரியபட்டினமும் இப்படித்தான். தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இன்றும் மழை பெய்து மணல் அரித்த மறுநாள் தென்னந்தோப்பில் நடந்தால், வெளிர்பச்சை மெருகு ஏறிய ஓட்டுத்துண்டு காலில் இடறும். சீனப் பயணி வாங் தாயுவான் குறித்த ஊர்களுள் ஒன்று இதுவே என்று கருதுகிறார்கள். இப்னு பதூதா இந்தக் கரையில் பத்தன் என்ற துறையைக் கண்டு, கடலுக்குள் பெரிய மரத்தூண்களை நட்டு அமைத்த மண்டபத்தைப் பற்றி எழுதினாரே, அது பெரியபட்டினம்தான் என்பாரும் உண்டு.

மர்ஃபி ஆராய்ந்தவை பெரும்பாலும் ஐரோப்பியர் வந்து வளர்த்த நகரங்கள். அவற்றைக் கொண்டு ஆசியத் துறைமுகம் என்றால் இன்னது என்று சொல்லிவிட்டால், ஐரோப்பியருக்கு முன்னே இந்தக் கடலை வீடாக்கிக் கொண்டவர்களின் துறைகள் கணக்கில் வராமல் போய்விடும் என்பது என் வருத்தம்.

மறுமொழி: வைகைமுகம்

கீழக்கரை நண்பரின் கருத்தை முழு மனதோடு ஏற்கிறேன். 'கடலுக்கு அப்பால் உள்ள பின்னிலம்' என்று அவர் சொன்னதை நான் வகுப்பில் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

மர்ஃபிக்காக ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1977-இல் வந்த அவருடைய பெரிய நூலில், இந்தியாவிலும் சீனாவிலும் மேலைநாட்டார் நடத்திய துறைமுகங்களை ஒப்பிட்டு, அவர்கள் எண்ணியது சீனாவில் பலிக்கவில்லை என்றே அவர் காட்டினார். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய ஊர்களின் வழியாக அந்நிய ஆட்சியும் புதிய கல்வியும் வணிகமும் இந்தியாவின் உள்ளே ஊடுருவின. சீனாவிலோ, உடன்படிக்கைகளால் மேலைநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட ஒப்பந்தத் துறைமுகங்கள் கரையோரப் புள்ளிகளாகவே நின்றுவிட்டன. அங்கே சீன வணிகர்களின் வலைப்பின்னல் உறுதியாக இருந்தது; துறைமுகத்தைத் தாண்டிய சரக்கு அவர்கள் கையால்தான் உள்ளே போனது. தன் வழிமுறையில் நம்பிக்கை உள்ள ஒரு சமூகத்தை வெளியார் எளிதில் மாற்றிவிட முடியாது என்பது அந்த நூலின் அடிநாதம். இதைப் பின்னால் வந்தவர்கள் பலர் மறுத்தும் எழுதினார்கள். ஆனால் மேலைநாட்டாரின் பெருமையைப் பாட வந்தவர் அல்லர் மர்ஃபி என்பது மட்டும் உறுதி. தொண்டனாக லாரியோடு போனவர், சீன உள்நாட்டைத் துறைமுகத்து மாடியிலிருந்து பார்த்தவர் அல்லர்.

இன்னொன்றும் உங்கள் வகுப்புக்கு உதவும். ஐரோப்பிய நகரங்களில் வணிகர் கை ஓங்கியதால் அவை மாற்றத்தின் களங்களாயின, சீனத்துப் பழைய நகரங்கள் அரச அதிகாரத்தின் இருக்கைகளாக இருந்ததால் அப்படி ஆகவில்லை என்று 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் மாவட்டத்திலேயே அந்த இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை மாற்றிக் கொண்டுவந்த ராமநாதபுரம் கோட்டையும் அரண்மனையும் வரி வசூலுமாக எழுந்த ஊர். கடலிலிருந்து எட்டி நிற்கிறது. பத்துக் கல் தொலைவில் கீழக்கரை, வணிகரால் எழுந்த ஊர். இரண்டின் தெருக்களையும் மாணவர்கள் நடந்து பார்த்து வரைந்தால் வேறுபாடு தானே தெரியும்.

மறுமொழி: கண்மாய்க்கரை

வணக்கம். பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துறைமுகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் மர்ஃபி நமக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையைப் பற்றி 1957-இல் எழுதிய ஒரு கட்டுரை நம் மாவட்டத்துக்கு அவருடைய வேறெந்த எழுத்தையும்விட நெருக்கமானது என்பதால் எழுதுகிறேன்.

அனுராதபுரமும் பொலநறுவையும் தலைநகரங்களாக இருந்த வடக்கு உலர்வலயம் முழுவதும் ஒரு காலத்தில் குளமும் கால்வாயுமாக இருந்தது. முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டபோது கட்டியவையும் திருத்தியவையும் இன்றும் கண்கூடு. அடுத்த நூற்றாண்டுக்குள் அந்த நாகரிகம் சரிந்து, மக்கள் தென்மேற்கே நகர்ந்துவிட்டார்கள். காடு மூடியது. ஏன்? 1215-இல் கலிங்கத்திலிருந்து வந்த மாகனின் படையெடுப்பு என்பார்கள் சிலர். மலேரியா என்பார்கள் சிலர். மழை குறைந்துவிட்டது, மண் சத்திழந்தது என்பாரும் உண்டு. மர்ஃபி இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். பின்னர் 1971-இல் வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா தொகுத்து வெளியிட்ட தொகுதி வரை இந்த விவாதம் நீண்டது.

பொறியாளனாக நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: குளம் உடைவதால் ஊர் அழிவதில்லை, உடைந்த குளத்தை மறுபடி கட்டும் ஏற்பாடு அழிந்தால்தான் ஊர் அழிகிறது. குளங்கள் கால்வாயால் ஒன்றோடொன்று பிணைந்தவை. மேலே உள்ள கரை ஒன்று போனால் கீழே உள்ள பத்துக் குளத்துக்கு வரத்து இல்லை. போரில் நிர்வாகம் சிதைந்து, யார் யாரைக் கூட்டிக் கரை போடுவது என்ற ஒழுங்கு குலைந்துவிட்டால், இரண்டு மூன்று பருவமழைகள் போதும். தேங்கிய நீரில் கொசு பெருகிய பிறகு, போனவர்கள் திரும்பி வருவதும் கடினம். மலேரியாவைச் சரிவின் காரணமாகப் பார்ப்பதைவிட, மீண்டு எழ முடியாமல் செய்த தடையாகப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

படையெடுப்பு என்றதும் ஒரு சிறு செய்தி. இக்கரையிலிருந்து அக்கரைக்கு மட்டும் படை போகவில்லை. பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ராமேசுவரத் தீவில் இறங்கி, குந்துகால் என்ற இடத்தில் கோட்டை கட்டியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பாம்பனுக்குத் தெற்கே உள்ள குந்துகால் முனைதான் அது என்று அடையாளம் காண்கிறார்கள். மாணவர்கள் அங்கே படகைப் பார்க்கப் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரை ஒரே மூச்சில் பறக்க முடியாத அளவு அகலம் என்பது பொருள். நான் பணியில் இருந்த நாள்களில் இந்த வட்டாரத்தில் ஒரு சிறு கண்மாயின் வரத்துக்காலை அளக்கப் போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். அரை மைல் நடந்ததும் சீமைக் கருவேலம் அடர்ந்து வழியே தெரியவில்லை. அரிவாளால் வெட்டி வழிவிட்டு, குனிந்து, காலால் மண்ணை விலக்கி, செங்கல் தளம் ஒன்றைக் காட்டினார். அதுதான் பழைய மடை. அவருடைய தந்தை காலத்தில் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் எடுத்தார்களாம். அதன் பிறகு அரசே பார்த்துக்கொள்ளும் என்று ஊர் விட்டது. ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அலுவலகம் விட்டது. கரை உடையவே இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வருவது மட்டும் நின்றுவிட்டது. அன்று இரவு மர்ஃபியின் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அனுராதபுரத்தைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றவில்லை.

மறுமொழி: தேவிபட்டினம் ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. உங்கள் மறுமொழிகளை அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன். தூத்துக்குடிச் சான்றைக் கேட்டதும் அந்த மாணவி, "அப்படியானால் தனுஷ்கோடி, டீச்சர்?" என்றாள். 1914-இல் பாம்பன் பாலம் வந்து ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் இணைந்தபோது எழுந்த ஊர், 1964 டிசம்பர்ப் புயலோடு போனது. பின்னிலத்தால் எழுந்த துறையா அது, அல்லது வழியால் மட்டும் எழுந்த துறையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. கீழக்கரைச் சகோதரர் சொன்னபடி, கடலுக்கு அப்பாலும் கோடு இழுத்து வரைபடத்தை மாற்றி வரையச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். மர்ஃபியின் முறையில் மாணவர்களே ஒன்றைச் செய்து பார்க்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி: வைகைமுகம்

தனுஷ்கோடி நல்ல கேள்வி. புயலுக்குப் பிறகும் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு 1980-கள் வரை கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. தேவை போகவில்லை, தேவையைத் தாங்கிய தரை போய்விட்டது. ஆகவே வழியால் எழுந்த துறை என்று சொன்ன பக்கத்துக்கே என் வாக்கு.

தொடங்குவதற்கு உங்கள் ஊர்ப் படகுத்துறையே போதும். அந்த மாணவியின் தந்தை கரையில் இறக்கும் ஒரு கூடை மீனைப் பின்தொடரச் சொல்லுங்கள். ஏலத்தில் யார் எடுத்தார், எந்தக் கடையில் ஐஸ் வாங்கினார்கள், எந்த வண்டியில் ஏறியது, மதுரைக்கா கேரளத்துக்கா, வண்டி வாடகை எவ்வளவு, வழியில் எத்தனை மணி நேரம், பிடிபடாத நாளில் ஊர் எதைச் சாப்பிட்டது, அது எங்கிருந்து வந்தது. ஒரு நோட்டில் தேதி போட்டு, வாடைக் காலத்தில் ஒரு வாரம், கச்சான் காலத்தில் ஒரு வாரம் எழுதட்டும். கீழக்கரை நண்பர் தம் பாட்டனாரின் கணக்கிலிருந்து இரண்டு பக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துத் தந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மறுமொழி: கீழக்கரை வாசகர்

தருகிறேன் ஐயா. கொழும்புக்குப் போன பக்கம் ஒன்று, இறங்க முடியாமல் கோடு போட்ட பக்கம் ஒன்று. டீச்சர் அவர்கள் பள்ளிக்கு எந்த நாளில் வரலாம் என்று சொன்னால், புத்தகத்தையே கையில் எடுத்து வருகிறேன்.